‘இன்று’ என்பது எந்த நாள்?

‘இன்று’ என்னும் சுட்டுச்சொல் சொல்லப்படும் நேரத்தைக் கொண்டே பொருள் பெறும். நாளிதழ்ச் சொற்களை நாள்தோறும் தானே எண்ணும் கணினி நிரலில் இச்சொல் இடம்பெற்றால் இடர் விளையும். திங்களன்று தடைப்பட்ட பணியைப் புதனன்று மீண்டும் இயக்கினால், நிரல் புதன்கிழமைச் சொற்களையே எண்ணும். திங்கட்கிழமைக் கணக்கு விடுபடும்.

ஆதலின் தேதியை நிரலுக்குள் பொதியாது, இயக்கும்போது வெளியிலிருந்து தரவேண்டும். இவ்வாறு தரப்படும் மதிப்பே அளபுரு. அப்பாச்சி ஏர்ஃப்ளோ என்னும் மென்பொருள் ஒவ்வோர் இயக்கத்துக்கும் உரிய தேதியைத் தானே வழங்கும். அதே பணியை மறுமுறை இயக்கினும் அத்தேதி மாறாது.

ஆயினும் மாற்றியமைக்காவிடில் அது உலகப் பொது நேரத்தையே பின்பற்றும். அங்கு நள்ளிரவு, சிங்கப்பூரில் காலை 8 மணி. அதுவரை நம் காலைப்பொழுது முந்தைய நாளில் அடங்கும். எனவே நேர வலயத்தையும் குறித்தல் வேண்டும்; இல்லையேல் அக்கணக்கை நம்பும் அகராதியும் வழுப்படும்.