டயரும் ஒரு துணிதான்!



பிரேக் இல்லாத சைக்கிளைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் கியர் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் கூடவே சுத்தும். காலைச் சும்மா வைத்துக்கொண்டு போக முடியாது. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் காலாலேயே பெடலை எதிர்த்து அழுத்த வேண்டும். இதுதான் டிராக் சைக்கிள். ஓரமெல்லாம் கிண்ணம் மாதிரி சாய்வாக இருக்கும் வெலோட்ரோம் என்ற ஓடுதளத்தில் மட்டும்தான் இதை ஓட்டலாம். ரோட்டில் ஓட்டினால் ஆபத்து!

இதைப் பற்றி நான் எழுதுவதற்குக் காரணம் என் அக்கா. நம் பள்ளியில்தான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டியில் 15 கிலோமீட்டர் ஓட்டியதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதற்கு இந்தியாவில் செய்த சாதாரண சைக்கிள் போதும். ஆனால் இப்போது அவள் போகப்போவது மேலக்கோட்டையூர் வெலோட்ரோமில் நடக்கும் தேர்வுக்கு. சைக்கிளின் ஃபிரேமைப் பயிற்சியாளர் இரவலாகக் கொடுத்துவிட்டார். சக்கரமும் டயரும் நாங்கதான் வாங்கோணும். கையில் இருப்பது அம்மாவின் தீபாவளி போனஸ் மட்டும். ஒரு தடவைதான் வாங்க முடியும். அதனால் மூன்று வாரம் நானும் அக்காவும் படித்தோம், தெரிந்தவர்களிடம் எல்லாம் கேட்டோம்.

முதலில் பார்க்க வேண்டியது சைக்கிளை அல்ல, தரையை! டெல்லி இந்திரா காந்தி ஸ்டேடியத்தில் 2010 காமன்வெல்த் போட்டியின்போது அமைத்த டிராக் மரப்பலகையால் ஆனது, மேலே கூரையும் உண்டு. சுற்றளவு 250 மீட்டர். மேலக்கோட்டையூரில் உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் இருப்பதோ திறந்தவெளி சிமெண்ட் டிராக். 2024 ஜனவரியில் நம் மாநிலத்தில் கேலோ இந்தியா இளையோர் போட்டி நடந்தபோது டிராக் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. மரம் வழவழவென்று இருக்கும். சிமெண்ட் சொரசொரப்பாக இருக்கும், வெயில் மழை இரண்டையும் வாங்கும், பக்கவாட்டில் காத்தும் அடிக்கும். பெரிய பெரிய வீரர்கள் மரத்தில் பயன்படுத்தும் சாமானை அப்படியே பார்த்து நாம் வாங்கக்கூடாது என்பது இதிலேயே புரிகிறது அல்லவா?

சக்கரத்துக்கு வருவோம். ஒரு கடையில் கார்பனில் செய்த ஆழமான ரிம்மைக் காட்டி, இதைப் போட்டால் பறக்கலாம் என்றார்கள். கொஞ்சம் உண்மைதான். சக்கரத்தின் மேல் நுனி, சைக்கிள் போகும் வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னால் போகிறது. சைக்கிள் 45 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அந்த இடத்தில் ஸ்போக்ஸ் கம்பிகள் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை அறுக்கின்றன. அதனால்தான் கம்பியே இல்லாத தட்டு மாதிரியான டிஸ்க் சக்கரம் வந்தது. 1984-ல் பிரான்செஸ்கோ மோசர் என்ற இத்தாலிக்காரர் மெக்சிகோ நகரில் டிஸ்க் சக்கரத்தில் ஓட்டி, ஒரு மணி நேரத்தில் 51 கிலோமீட்டரைத் தாண்டினார். ஆனால் கூட்டமாக ஓட்டும் பந்தயங்களில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் போட விதி அனுமதிப்பதில்லை. திறந்தவெளி டிராக்கில் ஆழமான முன் ரிம் பக்கக் காத்தைப் பாய்மரம் மாதிரி பிடித்துக்கொள்ளும். அக்கா எடை 48 கிலோ. அவளைத் தள்ளிவிட ஒரு காத்து போதும்!

எடை குறைவு என்பதையும் ரொம்பப் பெரிதாகச் சொல்கிறார்கள். ரிம்மில் குறையும் 200 கிராம், வேகம் எடுக்கும்போது 400 கிராம் குறைந்த மாதிரி வேலை செய்யும் என்பது இயற்பியல்படி சரிதான் (சுழலும் வளையத்தின் இயக்க ஆற்றல் பாடத்தைப் பாருங்கள்). ஆனால் சைக்கிளும் அக்காவும் சேர்ந்து 55 கிலோவுக்கு மேல். நானூறு கிராம் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை! காற்றின் தடையில் பெரும்பங்கு உடம்பால் வருவது. நல்லா குனிஞ்சு ஓட்டுறதுக்குக் காசு கிடையாது. ஆகவே முப்பது மில்லிமீட்டர் ஆழமுள்ள அலுமினிய ரிம், 32 கம்பி என்று முடிவு செய்தோம். கோட்டம் விழுந்தால் எங்கள் தெரு சைக்கிள் கடை அண்ணனே எடுத்துவிடுவார். கார்பன் ரிம் உடைந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

ரிம் வாங்கும்போது அளவையும் கவனிக்கணும். நம்ம ஊர் பெரிய சைக்கிளின் 28 இன்ச் ரிம்மில் டயர் உட்காரும் இடம் 635 மில்லிமீட்டர் விட்டம். பந்தய சைக்கிளில் அது 622. பெயரைப் பார்த்து மாற்றி வாங்கினால் மாட்டவே மாட்டாது.

இனி டயர். எனக்குப் பிடித்த பகுதியே இதுதான்.

டயர் என்றால் ரப்பர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் டயர் ஒரு துணி! ரப்பர் அதன் மேல் பூசிய தோல்தான். உள்ளே இருக்கும் நூல்தான் காற்றின் அழுத்தத்தைத் தாங்குகிறது. திருப்பூர்க்காரர்களான நமக்கு இது சுலபமாகப் புரியும். நூல் நம்பர் கூடக்கூட நூல் சன்னமாகும் என்பது நம்ம ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டயரிலும் அப்படியே. ஓர் இன்ச்சில் எத்தனை நூல் என்பதை டி.பி.ஐ. என்று டயரில் போட்டிருப்பார்கள். மலிவான நைலான் டயரில் அது 60 இருக்கும். உயர்ந்த பருத்தி நூல் டயரில் 300-ஐத் தாண்டும். பட்டு நூலில் செய்த டிராக் டயர்களும் உண்டு. ஆனால் ஏமாந்துவிடக்கூடாது! 3/330 என்று எழுதியிருந்தால் மூன்று அடுக்கையும் கூட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓர் அடுக்குக்கு 110-தான்.

சன்ன நூலால் என்ன லாபம்? தரையைத் தொடும் இடத்தில் டயர் தட்டையாகி, பிறகு நிமிர்கிறது. ஒரு கிலோமீட்டரில் சக்கரம் 470 தடவைக்கு மேல் சுத்தும். அத்தனை தடவையும் துணி மடங்கி நிமிர வேண்டும். முரட்டுத் துணி மடங்கும்போது நம் காலின் பலத்தைத் தின்று சூடாக மாற்றிவிடும். சன்னத் துணி லேசாக மடங்கும். கான்வாஸ் பையையும் கோம்டு நூல் பனியனையும் கையில் கசக்கிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அப்படியானால் பனியன் துணியிலேயே டயர் செய்யலாமா என்று என் நண்பன் கேட்டான். முடியாது. பனியன் பின்னல் துணி. கண்ணிகள் இழுத்தால் நீளும், காற்றடித்ததும் பலூனாகிவிடும். சரி, ஈரோடு, கரூர் பக்கம் நெய்கிற துணி? 1888-ல் டன்லப் நெய்த துணியில்தான் காற்று டயர் செய்தார். ஆனால் பாவும் ஊடையும் ஒன்றை ஒன்று உரசி உரசி அறுந்துபோயின. அதனால் பிறகு நூல்களை நெய்யாமல் பக்கத்தில் பக்கத்தில் சாய்வாக அடுக்கி, அதன் மேல் எதிர்ச் சாய்வில் இன்னோர் அடுக்கு வைத்து, நடுவில் ரப்பரைக் கொடுத்து ஒட்டினார்கள். இன்றைக்கும் சைக்கிள் டயர் அப்படித்தான் இருக்கிறது.

டிராக் வீரர்கள் விரும்புவது டியூபுலர் என்ற வகை. டியூபைத் துணிக்குள் வைத்து, பாம்பு மாதிரி முழுதாகத் தைத்து, பசையால் ரிம்மில் ஒட்டிவிடுவார்கள். சரியாக ஒட்டியிருந்தால், சாய்வில் போகும்போது வெடித்தாலும் டயர் ரிம்மைவிட்டுக் கழலாது. இது பெரிய பாதுகாப்பு. ஆனால் பஞ்சர் ஆனால் தையலைப் பிரித்து, டியூபை ஒட்டி, மறுபடி தைக்கணும். தைக்க ஆளா இல்லை திருப்பூரில்! கஷ்டம் பசையில்தான். மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, அனுபவம் உள்ளவர்தான் ஒட்ட வேண்டும். அரைகுறையாக ஒட்டிய டியூபுலர் எல்லாவற்றையும்விட ஆபத்து. எங்களுக்கு ஒட்டித்தர ஆள் இல்லை. ஆகவே ரிம்மின் கொக்கியில் மாட்டும் சாதாரண வகையிலேயே, 23 மில்லிமீட்டர் அகலத்தில் நல்ல சன்ன நூல் டயராக ஒரு ஜோடி வாங்கினோம். ரிம்மில் மிச்சம் பிடித்த பணம் இதற்குப் போனது.

காத்து எவ்வளவு? மர டிராக்கில் சிலர் 200 பி.எஸ்.ஐ. வரைக்கும் அடிக்கிறார்கள். சிமெண்டில் அப்படி அடித்தால் டயர் ஒவ்வொரு சொரசொரப்பிலும் துள்ளும். பிடிப்பும் போகும், வேகமும் போகும். அக்காவின் எடைக்கு நூறுக்குள் போதும் என்றார் பயிற்சியாளர். டயரின் பக்கத்தில் எழுதிய உச்ச அளவைத் தாண்டவே கூடாது. அடித்த வண்டியை வெயிலில் போட்டுவைத்தால் அழுத்தம் தானாக ஏறும். வேதியியல் சார் நடத்திய கே-லூசாக் விதி!

ஒன்றே ஒன்று பாக்கி. பின் ஹப்பில் பல்சக்கரம் வலது மறையில் ஏறுகிறது. முன்னோக்கி மிதித்தால் இறுகும். காலால் எதிர்த்து அழுத்தினால் கழலப் பார்க்கும். பிரேக் இல்லாத சைக்கிளில் பல்சக்கரம் கழன்றால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். அதற்காகவே அதன் மேல் இடது மறையில் ஒரு லாக் ரிங் போடுகிறார்கள். அது எதிர்த்திசையில் இறுகி இதைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ஃப்ரீவீல் ஹப்பில் இந்த இரண்டாவது மறை கிடையாது. விலை குறைவு என்று அதைக் கொடுத்தால் வாங்காதீர்கள். இதில் மட்டும் மிச்சம் பிடிக்க அம்மாவே விடவில்லை.

தேர்வு அடுத்த மாதம் முதல் வாரம். அக்காவின் பழைய டயரில் ஒரு துண்டை அறுத்து இயற்பியல் ஆய்வகத்தில் வைத்திருக்கிறேன். வீட்டில் கவுண்டிங் கிளாஸ் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள், ஓர் இன்ச்சுக்கு எத்தனை நூல் என்று எண்ணிப் பார்க்கலாம்.

– பதினொன்றாம் வகுப்பு, 'அ' பிரிவு