குழாய்நீரின் விலையை யார் தீர்மானிப்பது? திருப்பூர் தரும் பாடம்

நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையத்தில், காவிரியின் குறுக்கே உள்ள படுகை அணையிலிருந்து ராஜவாய்க்கால் பிரிகிறது. வயல் உள்ளவர்களுக்கு அந்த வாய்க்காலில் பங்குண்டு. நிலமற்ற தலித் குடும்பங்களுக்கோ, தெருக்குழாயில் வரும் நீரே ஆற்றில் அவர்களுக்குள்ள பங்கு. எனவே குழாயை நடத்துபவர் யார், விலையை வகுப்பவர் யார் என்பவை அவர்களின் உரிமை சார்ந்த கேள்விகள்.

இதற்கு விடை தேட, ஆற்றின் மேற்புறம் செல்வோம். பவானி காவிரியில் கலக்கும் இடத்திற்கு அருகே நீரெடுத்துத் திருப்பூருக்குக் கொண்டுசெல்ல, தனியார் பங்கேற்புடன் புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம் 1995இல் நிறுவப்பட்டது. சுமார் 1,000 கோடி ரூபாய் செலவு, நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொள்திறன், 30 ஆண்டு உரிமம் என்பது ஏற்பாடு. மகிந்திரா, பெக்டெல் நிறுவனங்களுடன் இங்கிலாந்தின் யுனைடெட் யுட்டிலிட்டீஸும் இதில் இணைந்தது. சாய ஆலைகள் கிலோலிட்டருக்கு 45 ரூபாய் செலுத்தும். அந்த வருவாயைக் கொண்டு வீடுகளுக்குப் பல மடங்கு குறைந்த விலையில் நீர் வழங்கப்படும். இதுவே குறுக்கு மானியம்.

நொய்யல் மாசுபாட்டு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. மீண்டும் திறந்த ஆலைகள் கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்த வேண்டியிருந்ததால், புதுநீரின் தேவை சுருங்கியது. விற்பனை குறைந்தாலும் குழாய்களுக்காக வாங்கிய கடனுக்கான வட்டி குறையாது. முதன்மை முதலீட்டாளரான ஐ.எல். அண்டு எஃப்.எஸ். நிறுவனமே 2018இல் கடனில் மூழ்கியது. ஏழைகளுக்கான மலிவு விலை, ஆலைகளின் வணிகத்தை நம்பி நின்றதே இத்திட்டத்தின் பலவீனம்.

இங்கிலாந்தின் அனுபவம் வேறு. அங்கு 1989இல் பத்து நீர் நிறுவனங்கள் தனியார்மயமாகிப் பங்குச்சந்தைக்கு வந்தன. ஆஃப்வாட் எனும் ஒழுங்குமுறை ஆணையம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டண வரம்பை வகுத்தது. ஆயினும் பல நிறுவனங்களில் கடன் பெருகியது. கழிவுநீர் ஆறுகளில் கலந்தது. பங்குதாரர்கள் ஈவுத்தொகை பெற்றனர். 2024 டிசம்பரில் ஆஃப்வாட், ஐந்தாண்டுகளில் சராசரியாக 36 விழுக்காடு கட்டண உயர்வை அனுமதித்தது. அடுத்த ஆண்டே அந்த ஆணையத்தைக் கலைக்கப்போவதாக அரசு அறிவித்தது. ஆணையம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

தமிழ்நாட்டில் மின்கட்டணத்திற்கு ஒழுங்குமுறை ஆணையமும் பொதுமக்கள் கருத்துக்கேட்பும் உண்டு. குடிநீர்க் கட்டணத்திற்கு அத்தகைய தனி ஆணையம் இல்லை. ஒப்பந்தமே சட்டம்போல் நிற்கிறது. 2018இல் கோவை மாநகராட்சி சூயஸ் நிறுவனத்துடன் 26 ஆண்டு ஒப்பந்தம் செய்தபோது எதிர்ப்பு எழுந்ததன் பின்னணி இதுதான். முதலீட்டாளருக்கு ஒப்பந்தம் காப்பு. குடிமக்களுக்குக் காப்பு எது?

1927இல் மகாடில் அம்பேத்கர் பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகியது, நீர் அனைவருக்கும் பொது என நிலைநாட்டவே. 2022 டிசம்பரில் வேங்கைவயல் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. தொட்டியும் குழாயும் வந்துவிட்டால் சாதி அகன்றுவிடாது என்பதை அது உணர்த்தியது. ஆகவே, நீர் வழங்கும் எந்த ஒப்பந்தத்திலும் மூன்று விதிகள் இடம்பெறக் கோருவோம்: தலித் குடியிருப்புகளுக்கு முதற்கட்டத்திலேயே இணைப்பு, கட்டண நிலுவைக்காகத் துண்டிக்கப்படாத குறைந்தபட்ச நீர், கட்டணம் உயரும்முன் பொது விசாரணை. ஒப்பந்த நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சியிடம் கேட்டுப் பெறுவதிலிருந்து மாணவர்கள் தொடங்கலாம்.