வாழைமர நோட்டும் கடையநல்லூர்ப் பவுனும்

பணத்தின் முதல் வேலை கொடுக்கல் வாங்கல் என்று பாடப்புத்தகம் சொல்லும். உண்மைதான். ஆனால் பணம் கெடும்போது அந்த வேலைதான் கடைசியில் நிற்கிறது. இதைக் கண்ணால் பார்த்தவர்கள் கடையநல்லூர்க்காரர்கள்.

தறித்தொழில் நொடித்த காலத்தில் இங்கிருந்து குடும்பம் குடும்பமாகச் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார்கள். தஞ்சோங் பகார் பக்கம் குடியிருந்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். 1941இல் அங்கே அவர்களின் சங்கமான கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கியது. மறு ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது.

புது ஆட்சி தன் சொந்த நோட்டை இறக்கியது. பத்து வெள்ளி (டாலர்) நோட்டில் வாழைமரம் இருந்ததால் வாழைமர நோட்டு என்ற பெயர் நிலைத்தது. பல நோட்டுகளில் வரிசை எண்கூட இல்லை, அச்சடித்துக்கொண்டே போனார்கள். விலைவாசி ஏறிக்கொண்டே போனது. முதலில் செத்தது சேமிப்பு: கையில் நோட்டு வந்தவுடன் அரிசியாகவோ தங்கமாகவோ மாற்றிவிடத் துடித்தார்கள். அடுத்து அளவுகோல் போனது: காலையில் சொன்ன விலைக்கு மாலையில் அர்த்தமில்லை. ஆனாலும் சந்தையில் அதே நோட்டுதான் கைமாறியது, வேறு வழியில்லை. 1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்து அது செல்லாது என்றதும் அதுவும் முடிந்தது.

இன்னொரு வேலையும் பணத்துக்கு உண்டு, பலர் மறப்பது: இன்று வாங்கிய கடனை நாளை அடைக்க அதுவே அளவு. போருக்கு முன் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனை வாழைமர நோட்டில் அடைத்தவர்களால் பெரும் தகராறு. அந்தக் கணக்கைத் தீர்க்கப் போருக்குப் பின் மலாயாவில் தனிச்சட்டமே போட்டார்கள்.

இன்றைய கடையநல்லூரில் இந்த நான்கு வேலைகளையும் ஒரே பணம் செய்வதில்லை. வளைகுடாவில் வேலை செய்பவர்களின் சம்பளம் ரியாலில், திர்ஹமில். மளிகைக்கடைக் கணக்கு ரூபாயில். சேமிப்பு பவுனில். மணமகன் மணமகளுக்குத் தரும் மஹரையும் பவுனில் பேசி எழுதும் வீடுகள் உண்டு. இதைப் பழமை என்று சிரிப்பவர்கள் யோசிக்கட்டும்: 20 வருடம் கழித்துக் கொடுத்தாலும் நோட்டைப்போல் எளிதில் மதிப்பு கரையாத தவணை அது.

ரூபாய் சரிந்தால் அனுப்பும் பணம் கூடுகிறது என்று மகிழ்கிறோம். சவூதி ரியால் டாலரோடு கட்டப்பட்டது, ஒரு டாலருக்கு 3.75. நாம் வாங்கும் தங்கமும் டாலர் விலையில்தான் இறக்குமதியாகிறது. ஆகவே நூறு ரியாலுக்குக் கூடுதல் ரூபாய் வந்தாலும், அதனாலேயே கூடுதல் பவுன் வந்துவிடாது.

கடனில்தான் கவனம் தேவை. ஊரில் ரூபாயில் வாங்கிய வீட்டுக்கடனை ரியால் சம்பளத்தில் கட்டுபவருக்கு ரூபாய் சரியச் சரியச் சுமை குறையும். வளைகுடா வங்கியில் திர்ஹமில் வாங்கிய கடனோடு ஊர் திரும்பி, ரூபாய் வருமானத்தில் கட்ட நேர்ந்தால் கதை தலைகீழ். அப்படிக் கடன் இருப்பவர்கள் விமானச்சீட்டு எடுக்கும் முன் அதை முடித்துவிடுங்கள்.