பறவைக்குப் பிறந்த பம்ப் கன்

ஸ்ரீ கெம்பாங்கானில் அடகுக் கடைக்கோ நகைக் கடைக்கோ போகிறவர்கள், வாசலில் காவல் நிற்கும் ஜாகாவின் கையில் அதைப் பார்த்திருப்பார்கள். கறுத்த இரும்புக் குழல், அதற்கடியில் மெல்லியதாக இன்னொரு குழல், அதைச் சுற்றி முன்னும் பின்னும் ஓடுகிற ஒரு பிடி. அந்தப் பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் ‘சரக், சரக்’ என்று ஒரு சத்தம். சினிமாக்காரர்கள் அந்தச் சத்தத்தை வைத்தே பல வில்லன்களை ஓடவிட்டிருக்கிறார்கள். ‘பம்ப் கன்’ என்றால் திருடனுக்கும் போலீஸுக்கும் நடுவே உள்ள சமாச்சாரம் என்று நாம் நினைத்துக்கொள்வது இதனால்தான். ஆனால் இந்தத் துப்பாக்கி வளர்ந்து பெயரெடுத்தது புல்வெளியிலும் சோளக்காட்டோரத்திலும். அதன் இலக்கு, காலடியிலிருந்து சடாரென்று கிளம்பும் காடையும் கவுதாரியும் ஃபெசன்ட் கோழியும்.

தரையில் மேய்கிற இந்தப் பறவைகளைச் சுடுவது வாத்து வேட்டையைப் போல ஓரிடத்தில் காத்திருந்து செய்கிற வேலை அல்ல. நாள் முழுக்க நடக்க வேண்டும். பறவை எப்போது எழும் என்று தெரியாது. எழுந்தால் இரண்டு மூன்று விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே துப்பாக்கி எடை குறைவாக, தோளுக்குத் தூக்கியதும் கண் போகிற இடத்துக்குத் தானும் போவதாக இருக்க வேண்டும். இங்கிலாந்தின் இரட்டைக் குழல் துப்பாக்கிகள் அப்படித்தான் இருந்தன. ஆனால் நல்லதாக ஒன்று வாங்க அமெரிக்கக் குடியானவனுக்குக் கட்டுப்படியாகாது. இயந்திரத்தில் கடைந்த பாகங்களால் ஒற்றைக் குழல் துப்பாக்கி செய்து, ஐந்தாறு தோட்டாக்களை அதன் வயிற்றுக்குள் அடுக்கிக் கொடுத்தால்? 1882இல் கிறிஸ்டோஃபர் ஸ்பென்சர் அதைச் செய்து காட்டினார்.

உள்ளே நடப்பது எளிமையான விஷயம். கீழ்க்குழலில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பிடியை இழுத்தால், சுட்டு முடித்த தோட்டாவின் வெறும் ஓடு வெளியே தெறிக்கும், சுத்தி பின்னுக்குப் போய் மாட்டிக்கொள்ளும். பிடியைத் தள்ளினால் அடுத்த தோட்டா மேலே தூக்கப்பட்டுக் குழலுக்குள் நுழையும், பின்கதவு பூட்டிக்கொள்ளும். சுட்ட வேகத்தில் துப்பாக்கி பின்னால் உதைக்கும்போதே கை இழுத்துவிடுவதால், பழகியவர்களுக்கு இது தனி வேலையாகத் தோன்றாது.

இந்த எளிமையை முதலில் முழுமையாக்கியவர் யூட்டா மாநிலத்து ஆக்டன் ஊர்க்காரர் ஜான் பிரௌனிங். அவர் வடிவமைத்த வின்செஸ்டர் மாடல் 1897இல் சுத்தி வெளியே தெரியும். விசையை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு பிடியை மட்டும் ஆட்டினால், ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு தோட்டா வெடிக்கும். முதல் உலகப்போரில் அமெரிக்கப் படை இதன் குழலை நறுக்கிப் பதுங்குகுழிகளுக்குள் கொண்டுபோனது. 1918இல் ஜெர்மனி இதை எதிர்த்து முறையாகவே ஆட்சேபம் தெரிவித்தது. பறவைத் துப்பாக்கி ஆள் துப்பாக்கியான கதை அங்கே தொடங்குகிறது.

1912இல் வந்த வின்செஸ்டர் மாடல் 12, சுத்தியை உடலுக்குள் ஒளித்தது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் இன்றும் உருகுவது இதற்குத்தான். எஃகுத் துண்டுகளைக் கடைந்து கடைந்து செய்த பாகங்கள், எண்ணெய் விட்டதுபோல ஓடும் பிடி. முதலில் 20 போரில்தான் வெளியிட்டார்கள். (ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை சம உருண்டையாகப் பிரித்தால் ஓர் உருண்டை குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அந்த எண்தான் போர். 12 போர் என்றால் 18.5 மில்லிமீட்டர், 20 போர் என்றால் 15.6. எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்.) சுமார் 20 லட்சம் துப்பாக்கிகள் விற்ற பிறகு 1964இல் வழக்கமான உற்பத்தியை நிறுத்தினார்கள். துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. கடைசல் கூலி கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது இத்தாக்கா 37. இதிலும் பிரௌனிங்கின் கை இருக்கிறது. அவருடைய வடிவத்தை ஜான் பெடர்சன் திருத்த, ரெமிங்டன் அதை மாடல் 17 என்று விற்றுவந்தது. காப்புரிமை காலாவதியானதும் தாங்கள் செய்யலாம் என்று இத்தாக்கா நிறுவனம் காத்திருந்தது. 1933இல் வெளியிட நாள் பார்த்து மாடல் 33 என்று பெயரும் யோசித்தாயிற்று. அப்போதுதான் பெடர்சனின் இன்னொரு காப்புரிமை 1937 வரை உயிரோடு இருப்பது தெரிந்தது. மறுபடி நான்கு ஆண்டு காத்திருப்பு. பெயரும் 37 ஆனது. இதன் உடலில் பக்கவாட்டுத் துளையே கிடையாது. தோட்டா நுழைவதும் ஓடு விழுவதும் அடிவயிற்றில் உள்ள ஒரே வாய் வழியாக. இடக்கைக்காரர் முகத்தின் குறுக்கே ஓடு பறக்காது. மழைத்தண்ணீரும் உள்ளே இறங்காது. நவம்பர் மாதத்து மழையைப் பார்த்துவிட்டு நம் ஊரில் யாராவது இரும்புச் சாமான் வடிவமைத்தால் இப்படித்தான் செய்திருப்பார்கள்.

1950இல் வந்த ரெமிங்டன் 870 கதையை முடித்துவைத்தது. மாடல் 12இலும் இத்தாக்காவிலும் பிடியைப் பின்கதவோடு இணைப்பது ஒரே தண்டு. கை கொஞ்சம் கோணினால் இறுகப் பார்க்கும். 870இல் இரண்டு தண்டு. சிறு பாகங்களை அச்சில் அடித்து எடுத்ததால் விலை இறங்கியது. பின்கதவு குழலின் பின்முனையிலேயே மாட்டிக்கொள்வதால், முன்மூடியைக் கழற்றி ஒரு நிமிடத்தில் வேறு குழல் மாற்றலாம். மாடல் 12க்கு இன்னொரு குழல் வேண்டுமென்றால் கைதேர்ந்தவர் பொருத்தித் தர வேண்டும். 870 ஒரு கோடிக்கு மேல் விற்றது. காலையில் பறவைக் குழல், இரவில் காவல் குழல் என்று ஒரே துப்பாக்கி இரட்டை வாழ்க்கை நடத்த முடிந்தது இதில்தான்.

நம் பக்கத்துக்கு வருவோம். அந்நாளில் தோட்டத்துத் துரைமார்கள் நெல்வயல்களில் உள்ளான் சுடுவதைப் பெரிய பொழுதுபோக்காக வைத்திருந்தார்கள். வடக்கே குளிர் தொடங்கியதும் இங்கே இறங்கும் பறவை அது. 1948இல் மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டி அவசரகாலம் வந்தபோது நிலைமை மாறியது. உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு. அதே காலத்தில், செர்டாங் புதுக்கிராமமாக இருந்த இன்றைய ஸ்ரீ கெம்பாங்கானைப் போன்ற புதுக்கிராமங்களில், ஊர்க்காவல் படையினரிடம் ஷாட்கன்களைக் கொடுத்து வேலியோரம் நிறுத்தினார்கள். இங்கும் பறவைத் துப்பாக்கி ஆளைப் பார்த்துத் திரும்பியது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அது மறுபடி பறவையைப் பார்த்துத் திரும்பியதற்குக் காரணம் காகம். நம்மைச் சுற்றி அதிகம் கத்துகிற சாம்பல் கழுத்துக் காகம் இந்த மண்ணுடையதல்ல. காப்பித் தோட்டங்களில் புழு தின்பதற்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏறக்குறைய நம்மவர்களைப் போலவேதான், தோட்ட வேலைக்கென்று கப்பலேறி வந்தது. காப்பி படுத்தது, ரப்பர் எழுந்தது, காகம் குப்பைத்தொட்டிக்கு மாறியது. அமெரிக்கா சுட்டுத்தள்ளிய ஃபெசன்ட்டும் வந்தேறிதான். ஷாங்காயில் அமெரிக்கக் கான்சல் ஜெனரலாக இருந்த ஓவன் டென்னி 1880களின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து ஆரிகனுக்கு அனுப்பிவைத்தது. அதை அழைத்ததே சுடுவதற்காக, காகத்தை அழைத்தது வேலைக்காக.

கிள்ளான், பெட்டாலிங் ஜெயா மன்றங்கள் காகம் சுடும் நடவடிக்கைகளைப் பலமுறை நடத்தியிருக்கின்றன. உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்கள் வருவார்கள், குடியிருப்பாளர்களுக்கு முன்னறிவிப்பு போகும். அமாவாசைக்குச் சோறு வைத்துக் காகத்தைக் கூவி அழைக்கிற வீட்டுக்கு அந்த அறிவிப்பு வந்தால் மனம் கொஞ்சம் கலங்கத்தான் செய்யும்.

காகம் சுடுவதற்கு ஜாகாவின் பம்ப் கன் உதவாது. அதன் குழல் 18, 20 அங்குலம், வாய் திறந்தபடி இருக்கும். ரவை வெளியேறியதுமே விரியத் தொடங்கி, மரத்து உச்சியை எட்டுவதற்குள் காகம் நுழைந்துபோகும் அளவுக்கு இடைவெளி விழுந்துவிடும். பறவைக் குழல் 26, 28 அங்குலம். வாய் நூலளவு குறுகியிருக்கும், அதற்குச் சோக் என்று பெயர். முழுச் சோக் என்றால் 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் 70 விழுக்காடு ரவை விழ வேண்டும். புதரடியில் எழும் காடைக்கு இவ்வளவு இறுக்கம் கூடாது, கறி மிஞ்சாது. உயரத்தில் உட்காரும் காகத்துக்கு இது தேவை. தோட்டாக்களின் எண்ணிக்கை அங்கே பெரிய விஷயமே இல்லை. முதல் வெடிக்கே கூட்டம் முழுக்கக் கிளம்பிவிடும். இரண்டாவதைச் சுடலாம். மூன்றாவதற்குப் பிடியை இழுக்கும் நேரத்தில் அவை அடுத்த தாமானில் இருக்கும்.