குழுசார் செயல்திறன் அளவீடும் பொதுத்துறை உற்பத்தித்திறனும்: வீரகேரளம்புதூர் வட்ட வருவாய் நிருவாகத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அரசு அலுவலகப் பணிகளுள் பெரும்பாலானவை பல கைகள் கடந்தே நிறைவு பெறுகின்றன. ஆயினும், அவற்றின் செயல்திறன் தனிமனிதரை அலகாகக் கொண்டே பெரிதும் அளவிடப்படுகிறது. இம்முரணைப் பட்டா மாறுதல் பணியின் வழி விளக்கும் இக்கட்டுரை, அளவீட்டின் அலகாகக் குறுவட்ட அளவிலான சிறுகுழுவை முன்மொழிகிறது.

திறவுச்சொற்கள்: உற்பத்தித்திறன், குழுசார் அளவீடு, பட்டா மாறுதல், குறுவட்டம், வருவாய்த் தீர்வாயம்

முன்னுரை

2019 நவம்பர் 22 அன்று செயல்படத் தொடங்கிய தென்காசி மாவட்டத்தின் வட்டங்களுள் வீரகேரளம்புதூரும் ஒன்று. அதற்கு முன் இவ்வட்டம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. வீரகேரளம்புதூர் ஊத்துமலை ஜமீனின் தலைமையிடமாக விளங்கிய ஊராகும். 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் இத்தகைய நிலப்பகுதிகளை இரயத்துவாரி முறைக்குள் கொணர்ந்தது. அதன்பின், உழவர் ஒருவரின் நில உரிமைக்குப் பட்டாவும் கிராமக் கணக்குகளும் அடிப்படைச் சான்றுகளாயின. வங்கிக் கடன், பயிர்க் காப்பீடு, இழப்பீடு ஆகியவற்றுக்கும் இவை தேவைப்படுகின்றன. எனவே, வட்டாட்சியர் அலுவலகத்தின் உற்பத்தித்திறன் என்பது எளிய குடிமக்களின் வாழ்வாதாரத்தோடு பிணைந்த ஒன்றாகும்.

ஒரு பணி, பல கைகள்

உட்பிரிவு தேவைப்படும் பட்டா மாறுதலில் இதனைத் தெளிவாகக் காணலாம். இணையவழியிலோ பொதுச் சேவை மையத்திலோ மனு பதிவாகிறது. கிராம நிருவாக அலுவலரிடம் அனுபோக விவரமும் கணக்குகளும் உள்ளன. நில அளவர் களத்தில் அளந்து உட்பிரிவுக்கான வரைபடத்தை ஆயத்தம் செய்கிறார். ஆவணங்கள் சரிபார்க்கப்பட்ட பின் வட்டாட்சியர் ஆணையிடுகிறார். உட்பிரிவு தேவைப்படாத இனங்களில் மண்டலத் துணை வட்டாட்சியர் ஆணையிடுகிறார். இவர்களுள் நில அளவர், நில அளவை மற்றும் நிலவரித் திட்டத் துறையைச் சார்ந்தவர். ஏனையோர் வருவாய்த் துறையினர். இரு துறைகள் கூடி முடிக்கும் இப்பணியில் விளைவு ஒன்றே: மனுதாரர் கையில் சேரும் பிழையற்ற பட்டா.

இங்குத் தனிநபர் அளவீடு இருவகைக் குறைகளை உடையது. முதலாவது, தத்தம் மேசையிலிருந்து கோப்பு நகர்ந்ததையே அது பணிநிறைவாகக் கருதுகிறது. ஒவ்வொருவரும் தம் கெடுவுக்குள் முடித்தும் மனு மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கக்கூடும். இரண்டாவது, ‘முடிவு செய்யப்பட்டவை’ என்னும் எண்ணிக்கை, ஏற்பையும் தள்ளுபடியையும் வேறுபடுத்துவதில்லை. எடுத்துக்காட்டாக, 100 மனுக்களில் 40 மனுக்கள் ஆவணக் குறைவு கூறித் தள்ளுபடி செய்யப்பட்டதாகக் கொண்டாலும், கணக்கில் 100 மனுக்களும் முடிந்தவையே. அந்த 40 பேரும் மீண்டும் விண்ணப்பிக்கையில், அதே பணி புதிய பணியாக எண்ணப்படும். எண்ணிக்கை உயரும், உற்பத்தித்திறன் உயராது.

குழுவின் அளவு

எனினும், குழுவை அலகாக்கினால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடாது. வடம் இழுப்போர் எண்ணிக்கை கூடுந்தோறும் ஒவ்வொருவரும் செலுத்தும் விசை குறைவதை பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மான் 1913இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். பிரித்தானிய அரசு, 2000ஆம் ஆண்டின் மேக்கின்சன் அறிக்கையைத் தொடர்ந்து, ‘ஜாப்சென்டர் பிளஸ்’ என்னும் வேலைவாய்ப்புத் துறையில் குழு ஊக்கத்தொகையைச் சோதித்தது. அலுவலகங்கள் குறைவாக இருந்த மாவட்டங்களில் பணியளவு உயர்ந்தது; பெரிய மாவட்டங்களில் அப்பயன் கிட்டவில்லை. பணித்தரத்திலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. எண்ணுதற்கு எளியது உயர, எண்ணுதற்கு அரியது அப்படியே நின்றது.

இந்திய இரயில்வே 1979-80 முதல் வழங்கிவரும் உற்பத்தித்திறன்சார் போனசும் கூட்டு அளவீட்டின் ஒரு வடிவமே. ஆயினும், நாடு தழுவிய நிறுவனத்தின் மொத்த விளைவில் தம் பங்கு யாது என்பதை ஒரு நிலையத்தின் பணியாளர் உணர்தல் அரிது.

அளவீட்டை வகுப்போர்

அமெரிக்க உளவியலாளர் இராபர்ட் பிரிச்சர்டு வகுத்த ‘புரோமெஸ்’ முறையின் சிறப்பு, குறியீடுகளைக் குழுவினரே வகுப்பதில் உள்ளது. மேலிடம் அவற்றை ஆராய்ந்து ஏற்கும். அதன்பின் அறிக்கைகள் குறித்த கால இடைவெளியில் குழுவிடமே திரும்பும். அமெரிக்க விமானப்படைத் தளம் ஒன்றின் ஐந்து பிரிவுகளில் நடந்து, 1988இல் வெளியான ஆய்வில், பின்னூட்டத்தால் மட்டும் உற்பத்தித்திறன் சராசரியாக 50 விழுக்காடு உயர்ந்தது. இலக்கு நிர்ணயம் சேர்ந்தபோது அது 75 விழுக்காடாயிற்று. ஊக்கப்பரிசையும் சேர்த்தபோது 76 விழுக்காடே. ஊக்கப்பரிசை விடத் தம் பணியின் விளைவைத் தாமே காணும் வாய்ப்பு வலியது என்பதே இதன் பொருள். நிதி நெருக்கடியுள்ள நிருவாகத்துக்கு இது முதன்மையான செய்தியாகும்.

குறுவட்டக் குழு: ஒரு முன்மொழிவு

வட்டம் முழுவதும் ஒரு குழுவாக அமையின் அது பெரிது. ஒரு கிராமம் குழுவாக அமையின் பணி அதற்குள் முடிவதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குறுவட்டமே பொருத்தமான அலகு. வருவாய் ஆய்வாளர், அவர் எல்லைக்குட்பட்ட கிராம நிருவாக அலுவலர்கள், நில அளவர் ஆகியோர் துறை வேறுபாடின்றி ஒரே அளவீட்டின்கீழ் வருதல் வேண்டும். அதற்கு நான்கு குறியீடுகள் போதுமானவை: மனு பதிவான நாள் முதல் ஆணை கிடைக்கும் நாள் வரையிலான மொத்தக் காலம்; தள்ளுபடி விழுக்காடும் காரணங்களும்; அதே நிலம் குறித்து மீண்டும் வரும் மனுக்கள்; மேல்முறையீட்டில் மாற்றப்படும் ஆணைகள். முதலாவது விரைவையும் ஏனைய மூன்றும் தரத்தையும் காட்டுவன. காலியிடங்களும் நிலப்பரப்பும் குறுவட்டந்தோறும் வேறுபடுவதால், ஒரு குழுவைப் பிறிதொரு குழுவோடு ஒப்பிடுவதினும் அதன் முந்தைய நிலையோடு ஒப்பிடுதலே நேர்மையானது.

இதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. சூலை 1 முதல் சூன் 30 வரையிலான பசலி ஆண்டின் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் வருவாய்த் தீர்வாயம், அதாவது ஜமாபந்தி, வட்டந்தோறும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. பொதுமக்களின் மனுக்களும் அங்குப் பெறப்படுகின்றன. அடங்கலும் சிட்டாவும் சரிபார்க்கப்படும் அவ்வரங்கிலேயே குறுவட்டக் குழுவின் ஆண்டு அளவீட்டையும் ஆராயலாம். மாதாந்திரப் பின்னூட்டத்துக்கு இணையவழிப் பதிவுகளே தரவாகும்.

குழு அளவீடு தனிமனிதப் பொறுப்பை அகற்றுவதன்று. கையூட்டு, ஆவணத் திருத்தம் போன்ற குற்றங்களுக்குரிய ஒழுங்கு நடவடிக்கை தனிநபர் மீதே அமைதல் வேண்டும். உழைப்பவர் மீது பிறர் சுமை ஏறாதவாறு குழுவிற்குள் பணிப்பகிர்வைப் பதிவு செய்தலும் இன்றியமையாதது.

முடிவுரை

பொதுத்துறை உற்பத்தித்திறன் கோப்புகளின் நகர்வில் இல்லை; குடிமக்கள் பெறும் நிறைவான சேவையில் உள்ளது. சேவை கூட்டாக விளைவதாயின் அளவீடும் கூட்டாக அமைதல் வேண்டும். அக்கூட்டு, ஒருவர் பங்கை மற்றவர் அறியும் அளவுக்குச் சிறிதாகவும், பணி அதற்குள் பெரிதும் நிறைவுறும் அளவுக்கு முழுமையாகவும் இருத்தல் வேண்டும். வீரகேரளம்புதூர் போன்ற வட்டங்களில் இவ்விரு தேவைகளையும் குறுவட்டம் நிறைவு செய்கிறது.