உலாவியில் ஒரு பொட்டு

காணி உறுதியின் பிரதியைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். இணையப் பக்கங்களைக் காட்டும் நிரல் உலாவி எனப்படும். அதனால் தனியே காட்ட முடியாத படங்களுக்கும் விளையாட்டுக்களுக்குமாக முன்னர் அதனுடன் சிறு நிரல்களைச் சேர்த்தார்கள். இவையே செருகிகள். ஃபிளாஷ், ஜாவா என்பன பலரும் பாவித்தவை.

வேலி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஒரு பொட்டு இருந்தால் மாடு உள்ளே வந்துவிடும் அல்லவா? செருகியில் உள்ள குறையும் அப்படித்தான். தீய பக்கமொன்றைத் திறந்தாலே போதும், எதையும் அழுத்தாமலே திருட்டு நிரல் உள்ளே நுழையலாம். கடவுச்சொல் பறிபோகலாம், உறுதியின் பிரதி திறக்க முடியாதபடி பூட்டப்படலாம். 2013 ஜனவரியில் ஜாவாவில் இத்தகைய குறை வெளிப்பட்டபோது, அதை உலாவியில் நிறுத்தி வைக்கும்படி அமெரிக்க அரசே அறிவித்தது.

அடோபி நிறுவனம் 2020 டிசெம்பர் 31 உடன் ஃபிளாஷைக் கைவிட்டது. பழைய கணினிகளில் அது இன்னும் கிடக்கலாம். நிரல் பட்டியலில் கண்டால் நீக்கிவிடுங்கள். தேவையில்லையெனில் ஜாவாவையும் நீக்குங்கள். உலாவியைப் புதுப்பியுங்கள். இன்றைய உலாவிகள் ஃபிளாஷை ஏற்பதேயில்லை. ஆகவே, படம் பார்க்க ஃபிளாஷைப் புதுப்பிக்கும்படி ஏதாவது பக்கம் கேட்டால் அது பொய். அழுத்தாமல் மூடிவிடுங்கள். உறுதியின் இன்னொரு பிரதியைக் கணினிக்கு வெளியே, பென் டிரைவ் ஒன்றிலும் வைத்திருங்கள்.