ஆர்எக்ஸ் 100 இன்ஜினில் காற்று கசிகிறதா? பிபி பம்ப் வைத்து வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் உங்கள் பழைய ஆர்எக்ஸ் 100 உறுமிக்கொண்டே இருக்கிறதா? கார்புரேட்டர் ட்யூனிங் பண்ணியும் ரெண்டே நாளில் மறுபடியும் அதே கதையா? அப்படின்னா கார்புரேட்டரைக் கொஞ்சம் விடுங்கள். இன்ஜினுக்குள் கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ நுழைகிறது என்று சந்தேகப்பட வேண்டிய நேரம் இது.

1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான இந்த வண்டிகளில் கடைசியாக வந்ததற்கே இப்போது வயது முப்பதை நெருங்குகிறது. பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். ஆனால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் எந்த நிலையில் இருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

கொஞ்சம் காற்று போனால் என்ன?

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்க் இருக்கும் அறையில் ஆயில் மட்டும்தான் இருக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லை. பெட்ரோல், காற்று, ஆயில் மூன்றும் கலந்து முதலில் அந்த அறைக்குள் போய், அங்கிருந்துதான் சிலிண்டருக்கு ஏறும். பிஸ்டன் மேலே போகும்போது அந்த அறை ஊசிக்குழல் மாதிரி உறிஞ்சும். சீலிலோ பேக்கிங்கிலோ மெல்லிய வெடிப்பு இருந்தால் அது வழியாகவும் காற்று வரும். அந்தக் காற்றுக்குச் சேர வேண்டிய பெட்ரோல் வராது.

மெக்கானிக்குகள் இதை 'லீன்' என்பார்கள். லீனாக ஓடும் இன்ஜின் கண்டபடி சூடாகும். ஒரு கட்டத்தில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். இதுதான் 'சீஸ்'. ஹைவேயில் 80 கி.மீ. வேகத்தில் இது நடந்தால் பின்சக்கரம் அப்படியே லாக் ஆகும். உடனே கிளட்ச்சைப் பிடிக்காவிட்டால் ஆள் கீழேதான்.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20% எத்தனால் கலந்த பெட்ரோலும் கலவையை இன்னும் கொஞ்சம் லீன் பக்கம் தள்ளும். அதனால் கசிவைத் தாங்கும் இடம் முன்பைவிடக் குறைவு.

என்னென்ன வேண்டும்?

டாக்டர்கள் பயன்படுத்தும், முள் மீட்டர் வைத்த பிபி கருவி ஒன்று. டிஜிட்டல் வேண்டாம். அந்த மீட்டர் 300 வரை காட்டும். அது கிட்டத்தட்ட 6 பிஎஸ்ஐ. நமக்குத் தேவையும் அவ்வளவுதான்! கையில் சுற்றும் பட்டையைக் கழற்றிவிட்டு, மீட்டர் குழாயையும் பம்ப் குழாயையும் மீன் தொட்டிக்கு விற்கும் டி-ஜாயின்ட்டில் இணையுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் பம்ப்பையோ கம்ப்ரஸரையோ தொடவே வேண்டாம். அந்த அழுத்தம் நல்ல சீலையும் பிடுங்கிவிடும்.

இன்ஜின் ஆறியதும் பெட்ரோல் டேப்பை மூடி, சைலன்சரையும் கார்புரேட்டரையும் கழற்றுங்கள். சைலன்சர் வாயில் சைக்கிள் டியூப் துண்டை வைத்து, மேலே ஒரு தகடு போட்டு இறுக்குங்கள். கார்புரேட்டர் உட்காரும் ரப்பரில் ஓட்டை போட்ட ரப்பர் கார்க்கைச் செருகி, டி-ஜாயின்ட்டின் மூன்றாவது குழாயை அதில் நுழையுங்கள். ஆயில் பம்பிலிருந்து வரும் மெல்லிய குழாய் சேரும் இடத்தையும் அடைக்க மறக்காதீர்கள்.

பிளக் ஓட்டை வழியாக ஏன் காற்றடிக்கக்கூடாது? அடிக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் ரீட் வால்வு ஒருவழிப் பாதை. அது மூடிக்கொண்டால் கார்புரேட்டர் பக்க ரப்பரும் பேக்கிங்கும் சோதனைக்கே வராது. பல வண்டிகளில் வெடிப்பு அங்கேதான் இருக்கிறது.

பிளக் ஓட்டையில் ஒரு ஸ்ட்ரா விட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தி, பிஸ்டனைக் கீழே இறக்குங்கள். பிறகு பிளக்கை மாட்டி இறுக்கிவிட்டு, மீட்டர் 300 காட்டும்வரை பம்ப் பண்ணுங்கள்.

மீட்டர் என்ன சொல்கிறது?

6 பிஎஸ்ஐ, 6 நிமிஷம். மெக்கானிக்குகளின் பொதுக் கணக்கு இது. முள் லேசாக இறங்கினால் கவலை வேண்டாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரசரவென்று விழுந்தால் கசிவு. முதலில் நீங்கள் வைத்த கார்க், டியூப், குழாய் இணைப்புகளைப் பாருங்கள். முதல் தடவை குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அவை சரி என்றால் பஞ்சர் கடை டெக்னிக்தான். பாத்திரம் கழுவும் லிக்விடைத் தண்ணீரில் கரைத்து ஹெட், சிலிண்டரின் அடி, கார்புரேட்டர் ரப்பர், கிராங்க் கேஸ் இணைப்பு என்று பிரஷ்ஷால் தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. மேக்னெட் கவரைக் கழற்றி அதன் பின்னால் இருக்கும் ஆயில் சீலையும் பார்க்க வேண்டும். மேக்னெட்டைக் கழற்ற புல்லர் வேண்டும், சுத்தியல் அல்ல.

கிளட்ச் பக்க சீல் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. காற்று கியர் பாக்ஸுக்குள் போகும். கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அங்கே குமிழியோ 'ஸ்ஸ்' சத்தமோ வருகிறதா பாருங்கள். கியர் ஆயில் அடிக்கடி குறைவதும், வழக்கத்தைவிட அடர்த்தியான வெள்ளைப் புகையும் இந்த சீலையே காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு சிக்கல்: சில சீல்கள் அழுத்தத்தைத் தாங்கும், உறிஞ்சும்போது கசியும். மீட்டர் அசையவில்லை, ஆனால் உறுமல் நிற்கவில்லை என்றால், கையால் இயக்கும் வாக்குவம் பம்ப் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போங்கள்.

ஓடும் இன்ஜின் மேல் பெட்ரோல் தெளித்து, சத்தம் மாறுகிறதா என்று பார்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சூடான சைலன்சர், பிளக் ஒயர், பெட்ரோல் ஆவி மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

கசிவை அடைத்ததும் நேராக லாங் ரைடு கிளம்பிவிடாதீர்கள். கசிவைச் சமாளிக்க முன்பு யாராவது பெரிய மெயின் ஜெட் போட்டிருந்தால், ஏர் ஸ்க்ரூவைத் திருப்பியிருந்தால், இப்போது பெட்ரோல் அதிகமாகிப் பிளக் கறுத்துவிடும். கம்பெனி அளவு ஜெட்டுக்குத் திரும்பி, ட்யூனிங்கை முதலில் இருந்து பண்ணச் சொல்லுங்கள்.